மீசான் கல் இல்லாத பிள்ளைகள்

கல்முனைக்குடியிலோ மருதமுனையிலோ நிந்தவூரிலோ ஒரு மையவாடிக்குள் நுழைந்து பாருங்கள். மணலில் வரிசை வரிசையாக மீசான் கற்கள் நிற்கும். பெயர் பொறித்தவை சில, வெறுங்கற்கள் பல. வெறுங்கல்லுக்கும் உரியவர் உண்டு. பெருநாள் காலையில் ஒருவர் பிள்ளைகளைக் கையில் பிடித்து வந்து, “இது வாப்பா, இது மூத்த காக்கா” என்று சுட்டிக்காட்டுவார், பாத்திஹா ஓதுவார், திரும்பிப் போவார். இறந்தவனுக்கு இந்தப் பூமியில் ஆறடி இடம் இருக்கிறது, அது எங்கே என்பது தமக்குத் தெரியும் என்பதே உயிரோடிருப்பவர்க்கு எஞ்சும் கடைசி ஆறுதல். அந்த ஆறுதலும் மறுக்கப்பட்ட தாய்மார் இக்கரையில் இருக்கின்றனர். காக்கி உடுத்துக் கடமைக்குப் போன அவர்களுடைய பிள்ளைகள் 1990-ஆம் ஆண்டு ஜூன் 11-ஆம் திகதிக்குப் பிறகு வீடு திரும்பவில்லை.

போரில் பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பத்துக்கு ஆயுதம் தாங்கியோர் காட்டவேண்டிய இரக்கம் யாது? இந்தக் கேள்வியை அத்தாய்மாரின் வாசற்படியில் நின்று கேட்க விரும்புகிறோம். மேடையில் நின்று கேட்போர்க்கு விடை எளிது. அங்கே மாலை உண்டு, பீரங்கி வேட்டு உண்டு, மந்திரியின் கண்ணீர் உண்டு. வாசற்படியில் அவை செல்லுபடியாவதில்லை.

அன்று நடந்ததைச் சுருக்கமாக நினைவுபடுத்துவோம். இந்தியப் படை வெளியேறிய சில மாதங்களில், பிரேமதாச அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே நிலவிய உறவு முறிந்தது. கிழக்கு மாகாணத்துப் பொலிஸ் நிலையங்களைப் புலிகள் சூழ்ந்துகொண்டனர். கல்முனை நிலையத்தில் இருந்தவர்கள் இணங்காமல் மணிக்கணக்காக எதிர்த்து நின்றார்கள். கொழும்பிலிருந்து உத்தரவு வந்தது: ஆயுதங்களை ஒப்படையுங்கள், சமாதானப் பேச்சு நடக்கிறது, உங்களுக்கு ஒன்றும் நேராது. உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தார்கள். கீழ்ப்படிந்தவர்களைப் புலிகள் வாகனங்களில் ஏற்றிச் சென்றனர். திருக்கோவிலுக்கு அப்பால் ரூபஸ்குளம் என்னும் இடம் அன்று முதல் ஒரு குளத்தின் பெயராக மட்டும் இல்லை. கிழக்கு முழுவதிலும் இவ்வாறு கொல்லப்பட்ட பொலிஸார் 600-க்கும் மேற்பட்டோர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் தொகை. அவர்களிற் பெரும்பாலோர் சிங்களவரும் முஸ்லிம்களும்.

யார் இந்த முஸ்லிம் கான்ஸ்டபிள்கள்? போடியாரின் மகன் பொலிஸில் சேரவில்லை. கடை முதலாளியின் மகனும் சேரவில்லை. மருதமுனையில் தறிக்குழியில் கால் வைத்துச் சாரம் நெய்தவனின் மகன், பிறர் வயலில் அறுவடைக்குக் கூலியாகப் போனவனின் மகன், சாய்ந்தமருதில் கரைவலை இழுத்தவனின் மகன்: இவர்களைப் போன்றோர்தாம் க.பொ.த. சித்தியெய்தியதும் மாதச் சம்பளம் என்னும் ஒற்றை நம்பிக்கையைப் பற்றிக்கொண்டு அந்தச் சீருடைக்குள் புகுந்தார்கள். இந்நாட்டில் கட்டாய இராணுவ சேவை இல்லையே, எல்லோரும் விரும்பிச் சேர்ந்தவர்கள்தாமே என்பார் உளர். வறுமையைக் காட்டிலும் கண்டிப்பான ஆட்சேர்ப்பு அதிகாரி உலகத்தில் எந்தப் படையிலும் இருந்ததில்லை. அம்பாந்தோட்டைச் சிங்களத் தாய்க்கும் அனுராதபுரத்துத் தாய்க்கும் இது தெரியும்.

சரணடைந்தவர்களைக் கொன்றது கொலை. அதற்கு வேறு பெயர் கிடையாது. விடுதலையின் பெயரால் செய்ததால் அதன் நிறம் மாறிவிடாது. அந்தக் கொலையைச் செய்தவர்கள் உடல்களைக் கொடுக்கவில்லை, பெயர்ப்பட்டியல் கொடுக்கவில்லை, அதன்பின் 19 ஆண்டுகள் இயங்கிய அந்த இயக்கம் ஒரு தாய்க்கேனும் இன்ன இடத்தில் உன் மகன் கிடக்கிறான் என்று சொல்லி அனுப்பவில்லை.

அரசு என்ன செய்தது? அதே ஜூன் மாதத்தில் இராணுவம் கல்முனைக்குள் புகுந்தது. புலிகள் போய்விட்டார்கள், தமிழ்க் குடிகள் இருந்தார்கள். கல்முனையிலும் சுற்றியுள்ள தமிழ்க் குடியிருப்புகளிலும் பலர் கொல்லப்பட்டனர். பிடித்துச் செல்லப்பட்ட இளைஞர் பலர் மீளவில்லை. முஸ்லிம் தாய் ஒருத்தியின் துக்கத்தைச் சாக்காக வைத்துத் தமிழ்த் தாய் ஒருத்திக்கு அதே துக்கம் உண்டாக்கப்பட்டது. ஆகஸ்ட் 3-ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களைப் புலிகள் சுட்டு வீழ்த்தினார்கள். ஆகஸ்ட் 12-ஆம் திகதி சம்மாந்துறைக்கு அண்மையிலுள்ள வீரமுனையில், கோவிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர் வெட்டியும் சுட்டும் கொல்லப்பட்டனர். அதிலே எம்மூர் ஊர்காவற் படையினருக்கும் பங்குண்டு என்பது தப்பியவர்களின் சாட்சியம். இதை எழுதும்போது எமது கை கூசுகிறது. ஆயினும் எழுதாமல் விடுவதற்கில்லை. வீரமுனைத் தாயைப் பற்றி வாய்திறக்காதவன் கல்முனைக்குடித் தாய்க்காக வாதாடும் தகுதியை இழந்துவிடுகிறான்.

இனி, அரசும் படைத்துறையும் தம்மிடம் உள்ளதாகச் சொல்லிக்கொள்ளும் இரக்கத்தைக் கணக்கெடுப்போம். பணம் உண்டு. 1999-ஆம் ஆண்டில் சட்டமியற்றி ஏற்படுத்திய ரணவிரு சேவா அதிகாரசபை உண்டு. பாராளுமன்றத்துக்கு அருகே, பத்தரமுல்லையில், மாண்டவர் பெயர் பொறித்த நினைவுத்தூபி உண்டு. மே மாதத்தில் தாய்மார் அங்கே வந்து, கல்லிலே மகனின் பெயரைத் தேடி விரலால் தடவிப் பூ வைக்கிறார்கள். அந்த விரலைக் குறை சொல்லும் கல்நெஞ்சம் எமக்கில்லை. பணம் வேண்டாம் என்றும் சொல்லோம். சோற்றுக்கு வழியில்லாதவளிடம் பணம் அற்பம் என்று உபதேசிப்பது வயிறு நிறைந்தவர் வழக்கம். ஆனால் அந்தப் பணம் எதற்கு விலையாகக் கொடுக்கப்படுகிறது என்று கேட்க உரிமையுண்டு.

பிரசன்ன விதானகே 1997-இல் உருவாக்கிய ‘புரஹந்த களுவர’ என்னும் சிங்களத் திரைப்படம் அந்தக் கேள்வியைத்தான் கேட்டது. முத்திரையிட்டு, திறக்கக்கூடாது என்ற கட்டளையுடன் ஒரு சவப்பெட்டி கிராமத்துக்கு வருகிறது. பார்வையிழந்த கிழத்தந்தை, அதற்குள் தன் மகன் இல்லை என்கிறார். நட்டஈட்டுப் பத்திரத்தில் ஒப்பமிட மறுக்கிறார். வீட்டில் வறுமை, மகளின் திருமணம் நிற்கிறது, அதிகாரிகள் வற்புறுத்துகிறார்கள். கிழவர் மண்வெட்டியை எடுக்கிறார். புதைகுழியைத் தோண்டிப் பெட்டியைத் திறந்தால் உள்ளே வாழைத்தண்டும் கல்லும். யுத்தத்தில் வென்ற நகரங்களின் பட்டியலை ஓயாமல் வாசித்த அரசாங்கம் இந்த ஒரு கிழவனுக்கு அஞ்சியது. 2000-ஆம் ஆண்டில் படத்தைத் தடுத்தது. 2001-இல் உயர்நீதிமன்றம் தலையிட்ட பிறகே அது திரைக்கு வந்தது. அப்பெட்டிக்குள் இருந்த வாழைத்தண்டே இந்நாட்டின் இராணுவ இரக்கத்துக்கு நாம் கண்ட மிகச் சரியான படிமம்.

கற்பனைக் கதைதானே என்று தள்ளுவோர் செஞ்சிலுவைச் சங்கத்தின் கணக்கைப் பார்க்கட்டும். இப்போரில் காணாமற்போனவர்களாக அச்சங்கத்தின் சர்வதேசக் குழுவிடம் குடும்பத்தவர் முறையிட்டுப் பதிவானவர்கள் 16,000-க்கும் மேற்பட்டோர். அவர்களில் 5,100-க்கும் மேற்பட்டோர் அரச படைகளையும் பொலிஸையும் சேர்ந்தவர்கள். தன் சொந்தச் சிப்பாய்களில் 5,000 பேர் எங்கே என்று சொல்லத் தெரியாத ஓர் அரசு, வெற்றி விழாவை ஆண்டுக்காண்டு நடத்தியது! விசாகா தர்மதாச என்னும் தாயின் மகன் 1998-ஆம் ஆண்டு செப்டெம்பரில் கிளிநொச்சிப் போரில் காணாமற்போனான். அவர் அழுதுகொண்டு வீட்டில் இருந்துவிடவில்லை, தம்மைப் போன்ற பெற்றோரைத் திரட்டினார், எதிரிப் பக்கத்துத் தாய்மாரைத் தேடிப்போனார், புலிகளைச் சந்தித்தார். அவர் எழுப்பிய கோரிக்கைகளுள் ஒன்றைக் கேட்டால் வாசகர் திகைப்பர்: போர்க்களத்துக்கு அனுப்பும் சிப்பாயின் கழுத்தில் அடையாளத் தகடு இருக்கவேண்டும் என்பது. பீரங்கிக்கும் விமானத்துக்கும் கோடி கோடியாய்க் கொட்டிய நாட்டில், செத்தவன் இன்னார் என்று காட்டும் ஒரு துண்டுத் தகட்டுக்காக ஒரு தாய் இயக்கம் நடத்த வேண்டியிருந்தது.

பொலிஸ் திணைக்களம் ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 21-ஆம் திகதியைத் தன் வீரர் தினமாகக் கொண்டாடுகிறது. 1864-ஆம் ஆண்டு அதே நாளில், உதுவன்கந்த சரதியேலைப் பிடிக்கப்போன இடத்தில் உயிர்நீத்த கான்ஸ்டபிள் சபானை நினைந்து எடுப்பது அது. சபான் மலாய் முஸ்லிம். 160 ஆண்டுகளுக்கு முன் மாண்ட ஒரு முஸ்லிம் கான்ஸ்டபிள் இறந்த நாளும் இடமும் காரணமும் திணைக்களத்துக்குத் துல்லியமாகத் தெரியும். 1990-இல் மாண்டவனின் தாய்க்கோ, அவன் எந்த நாளில், எந்த மரத்தடியில், யார் கையால் மாண்டான் என்று எவரும் சொன்னதில்லை. காரணம் வெளிப்படை. சபானின் மரணம் எவரையும் சங்கடப்படுத்துவதில்லை. 1990-இன் மரணங்களை விசாரித்தால், சுட்டவன் யார் என்ற கேள்வியோடு சரணடையச் சொன்னவர் யார் என்ற கேள்வியும் சேர்ந்து எழும்.

எழாமல் இருக்க வேண்டிய ஏற்பாடுகளும் நடந்தன. கிழக்கில் புலிகளின் தளபதியாக விளங்கிய கருணா 2004-இல் அவ்வியக்கத்திலிருந்து பிரிந்தார், 2009-இல் அமைச்சரானார், தேசிய ஒருமைப்பாடு அவர் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டது. பொலிஸார் கொலையில் தமக்குப் பங்கில்லை என்று அவர் மறுத்திருக்கிறார். மறுப்பு உண்மையா, பொய்யா என்று சோதிக்க வேண்டிய இடம் நீதிமன்றம்; அரசு அவரை அமர்த்திய இடம் அமைச்சர் நாற்காலி. அந்தக் கொலைகளுக்காக இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை.

லெப்டினன்ட் கேணல் பஸ்லி லாபிரின் பெயரையும் இங்கே சொல்ல வேண்டும். 1996 ஜூலையில் முல்லைத்தீவு முகாம் வீழ்ந்தபோது, உள்ளே அகப்பட்டவர்களை மீட்க விசேட படையணியை நடத்திச் சென்று உயிர்விட்ட அதிகாரி அவர். நாட்டின் மிக உயர்ந்த போர் விருதாகிய பரம வீர விபூஷணம் அவர் மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. அவர் துணிவை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் முஸ்லிம்களின் விசுவாசத்தைப் பற்றிச் சந்தேகம் கிளப்பப்படும் போதெல்லாம், ஒரு பக்கம் அந்தப் பெயரைப் பத்திரமாக நீட்டுவதும் மறுபக்கம் அதைப் புரட்டிப்பார்த்துத் தலையசைப்பதும் வழக்கமாகிவிட்டது. ஒரு தாயின் பிள்ளை ஒரு சமூகத்தின் நன்னடத்தைச் சான்றிதழா? 2019-ஆம் ஆண்டுக்குப் பின் இந்தச் சான்றிதழை நீட்டி நீட்டி எமது கை ஓய்ந்துவிட்டது.

அரசைச் சாடுவது எளிது. எமது பேனாவைத் திருப்பி எம்மையே கேட்க வேண்டிய ஒன்றும் உண்டு. தமிழிலக்கியம் இந்தத் தாய்க்கு என்ன செய்தது? புறநானூற்றில் ஒக்கூர் மாசாத்தியார் பாடிய தாயை அறியாத தமிழ் மாணாக்கர் இல்லை. முன்பொரு நாள் போரில் தமையனை இழந்தாள் (தந்தையை என்பாரும் உளர்). அடுத்து நடந்த போரில் கணவனை இழந்தாள். இன்று போர்ப்பறை கேட்டதும், இருக்கிற ஒரே மகனின் தலைக்கு எண்ணெய் தடவி, கையில் வேலைக் கொடுத்து அனுப்புகிறாள். மகன் களத்தில் சிதைந்து கிடக்கக் கண்டு, பெற்ற பொழுதினும் பெரிதும் மகிழ்ந்த தாயையும் அதே நூலில் காண்கிறோம். வீரத்தாய், மறக்குடி மகள் என்று புகழ்ந்து புகழ்ந்து எத்தனை பட்டிமன்றங்கள், எத்தனை மேடைகள்! மாசாத்தியார் அந்தப் பாட்டைத் திகைப்போடு பாடினார் என்றே நாம் படிக்கிறோம். இவள் சிந்தை எத்தகையது என்று முதலில் மலைக்கிறார் அவர். அந்தத் திகைப்பை நாம் கழற்றி எறிந்துவிட்டு, கைதட்டலை ஒட்டவைத்தோம்.

அதே புறநானூற்றில் நெட்டிமையார் பாடிய இன்னொரு பாட்டும் இருக்கிறது. பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதி அம்பு தொடுக்கும் முன் அறிவிக்கிறான்: இன்னின்னார் விலகிப் பாதுகாப்பான இடம் சேருங்கள் என்று. பிணியுடையோரும் பெண்டிரும் அப்பட்டியலில் வருகிறார்கள். இறந்தவர்க்குச் செய்யும் கடனைச் செய்யப் பிள்ளை பெறாதவர்களும் வருகிறார்கள். பிள்ளையின்றி ஒரு குடி அற்றுப்போகக்கூடாது என்ற எண்ணம் போர் தொடுப்பவனுக்கு இருக்கவேண்டும் என 2,000 ஆண்டுகளுக்கு முன் ஒரு தமிழ்ப்புலவர் எதிர்பார்த்திருக்கிறார். அரசனைப் புகழும் பாட்டு அது. அவன் உண்மையில் அவ்வாறு நடந்தானா என்பது வேறு. எதைச் செய்தால் புகழ் என்று அக்காலத்தார் கருதினர் என்பதே எமக்கு வேண்டும். நமது மேடைகளோ இதை ‘அறப்போர்’ என்ற ஒரு சொல்லில் கடந்துவிட்டு, ஒரே மகனை அனுப்பியவளிடம் போய் நின்றுகொண்டன.

மேடைப் பேச்சு பேச்சோடு நின்றிருந்தால் கேடில்லை. 2001-ஆம் ஆண்டில் மட்டக்களப்பு, அம்பாறைத் தமிழ்க் கிராமங்களில் புலிகள் ‘வீட்டுக்கு ஒருவர்’ என்று கேட்டு வந்தபோது, அந்தப் பழைய பாட்டின் நிழல் அவர்களுக்கு முன்னால் நடந்து வந்தது. கொடுக்க மறுத்த தாய் வீரத்தாய் அல்லள், துரோகி. பள்ளிக்கூடம் போன பிள்ளை வழியில் பிடிபட்டான். மகளை ஒளித்துவைத்த வீட்டில் மகன் கொண்டுபோகப்பட்டான். 2004-இல் மனித உரிமைகள் கண்காணிப்பகம் இதை விரிவாகப் பதிவுசெய்து அறிக்கை வெளியிட்டது. அதே ஆண்டில் இயக்கம் பிளவுண்டபோது கிழக்கில் பிள்ளைகள் வீட்டுக்கு ஓடிவந்தார்கள். கொஞ்ச நாளில் இரண்டு தரப்பும் திரும்ப வந்து அவர்களைத் தேடின. தம்பிலுவிலிலும் திருக்கோவிலிலும் அன்று பிள்ளையைத் தேடித் தேடிக் கால் தேய்ந்த தாய்மாரைக் கேட்டால், ஒக்கூர் மாசாத்தியாருக்கு அவர்கள் வேறோர் உரை எழுதித் தருவார்கள்.

வீட்டுக்கு ஒருவனைக் கொடு என்பது ஒரு முறை. வீட்டில் எஞ்சிய ஒருவனை விட்டுவிடு என்பது மற்றொரு முறை. இரண்டாவதை அமெரிக்கா 1948-இல் சட்டமாக்கியது: படையில் ஒரு பிள்ளையைப் பலிகொடுத்த குடும்பத்தில் எஞ்சியிருக்கும் ஒரே மகனைக் கட்டாய சேவைக்கு அழைக்கலாகாது. இரக்கம் தானாக ஊறி வந்ததென்று எண்ணவேண்டாம். 1942 நவம்பர் 13-ஆம் திகதி குவாடல்கனாலுக்கு அருகே ‘ஜூனோ’ என்னும் கப்பல் மூழ்கியது. ஐயோவா மாநிலத்தைச் சேர்ந்த சலிவன் குடும்பத்துச் சகோதரர் ஐவரும் அந்த ஒரே கப்பலில் இருந்தனர், ஐவரும் மாண்டனர். அமெரிக்க அரசு அந்தப் பெற்றோரை என்ன செய்தது தெரியுமா? நாடு முழுவதும் தொழிற்சாலை தொழிற்சாலையாக அழைத்துச் சென்று, தொழிலாளர் முன் பேசவைத்தது. யுத்தக் கடன் பத்திரம் விற்றது. புதுக் கப்பலொன்றுக்கு ஐவரின் பெயரையும் சூட்டித் தாயின் கையால் அதைக் கடலில் இறக்கியது. துக்கத்தையும் மூலதனமாக்கும் வித்தையில் முதலாளித்துவ அரசை மிஞ்ச ஆளில்லை. ஆயினும் இறுதியில் அந்தச் சட்டம் வந்தது. எஞ்சியவன் மீது கை வைக்காதே என்று எழுத்தில் வந்தது. இலங்கையில் அதற்கு ஒப்பாக நாம் என்ன எழுதினோம்?

எம்மவரிடம் இதற்கு முன்மாதிரி இல்லையென்று யாரும் சொல்லிவிடக் கூடாது. போருக்குப் புறப்பட அனுமதி கேட்டு வந்த ஒருவரிடம், பெற்றோர் உயிரோடிருக்கிறார்களா என்று நபிகள் நாயகம் வினவினார்கள். ஆம் என்றதும், அவர்களுக்குப் பணிசெய்வதில் உன் போராட்டத்தை நடத்து என்று திருப்பி அனுப்பினார்கள். புகாரியின் தொகுப்பில் உள்ள செய்தி இது. கலீபா உமர் காலத்துக் கதையொன்றும் அரபு இலக்கிய மரபில் உண்டு. கிலாப் என்னும் இளைஞன் படையோடு போய்விடுகிறான். முதுமையால் கண்ணிழந்த தந்தை உமையா மகனை எண்ணிப் புலம்பிப் பாடிய கவிதை கலீபாவின் காதுக்கு எட்டுகிறது. ஆள் அனுப்பி மகனை வரவழைக்கிறார் உமர். அவன் தந்தைக்குச் செய்துவந்த பணிகளை விசாரித்தறிந்து, அதே முறையில் ஒட்டகத்தில் பால் கறக்கச் சொல்கிறார். கிழவர் அழைத்து வரப்படுகிறார். மகன் வந்தது அவருக்குத் தெரியாது. பாற்கிண்ணத்தை வாயருகே கொண்டுபோனவர் தயங்குகிறார்: இதில் கிலாபின் கை மணக்கிறதே! கலீபா அழுதார் என்கிறது கதை. பெற்றோர் உள்ளவரை அவர்களோடு இரு என்றார். படைவீரனுக்குரிய வேதனம் நிறுத்தப்படவில்லை. வெள்ளிக்கிழமைப் பிரசங்கங்களில் உமரின் படை வெற்றிகளைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த எமக்கு, இந்தப் பாற்கிண்ணத்தை எத்தனை மிம்பர்கள் எடுத்துச் சொல்லின?

உன் வீரனின் தாய்க்கு இரங்குவது பெரிய காரியமன்று. எதிரியின் தாய்க்கு இரங்குகிறாயா என்பதில்தான் படையொன்றின் யோக்கியதை அளக்கப்படும். 1982-இல் பிரிட்டனும் ஆர்ஜென்டீனாவும் போக்லாந்துத் தீவுகளுக்காகப் போரிட்டன. போர் முடிந்தபின் ஆர்ஜென்டீனச் சிப்பாய்களின் உடல்கள் தீவெங்கும் சிதறிக் கிடந்தன; அவர்களில் பலர் கட்டாய சேவைக்குப் பிடித்துவரப்பட்ட இளைஞர்கள். ஜெப்ரி கார்டோசோ என்னும் பிரிட்டிஷ் அதிகாரியிடம் அவற்றைச் சேகரிக்கும் பணி கொடுக்கப்பட்டது. அவர் உடல்களைத் தேடியெடுத்து, பத்திரமாகச் சுற்றி, எந்த உடல் எங்கே கிடந்தது, என்ன பொருள் கூட இருந்தது என்று குறித்து, 1983-இல் டார்வின் என்னுமிடத்தில் ஒரு மயானம் அமைத்து அடக்கினார். பெயர் தெரியாதவர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர். அவர்கள் குழிகளின்மேல், கடவுளுக்கு மட்டுமே தெரிந்த ஆர்ஜென்டீனச் சிப்பாய் என்று எழுதிவைத்தார். 34 ஆண்டுகள் கழித்து, 2017-இல், செஞ்சிலுவைச் சங்கத்தின் நிபுணர்கள் அந்தக் குழிகளைத் திறந்தார்கள். கார்டோசோவின் குறிப்புகள் துணைநின்றன. அந்த இளைஞர்களில் மிகப் பெரும்பாலோர்க்குப் பெயர் திரும்பக் கிடைத்தது. முதிய தாய்மார் கடல் கடந்து வந்து மகனின் பெயரெழுதிய கல்லைத் தழுவினார்கள். இதே பிரிட்டன் எம்மை 150 ஆண்டு ஆண்டு கொழுத்த ஏகாதிபத்தியம். அந்த யுத்தமும் ஒரு தீவுக்காகச் செய்த வீண் யுத்தம். அதை மறைக்கத் தேவையில்லை. ஓர் ஏகாதிபத்தியப் படையின் அதிகாரியும் செய்யக்கூடிய காரியம் இது என்பதுதான் எமக்கு உறைக்க வேண்டும்.

அம்பாறை மாவட்டத்தில், திருக்கோவில் பக்கத்திலே, கஞ்சிகுடிச்சாற்றில் புலிகளின் மாவீரர் துயிலும் இல்லம் ஒன்று இருந்தது. வடக்கு கிழக்கு எங்கும் இருந்த இத்தகைய மயானங்களை அரச படைகள் இடித்துத் தரைமட்டமாக்கின. யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் அவ்விடத்தின் மேலேயே படைத்தலைமையகம் எழுந்தது. களத்தில் மாண்டவர்களைக் கண்ணியமாக அடக்கி, குழிகளை மதித்துப் பேணவேண்டும் என்னும் 1949-ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையை இலங்கை 1959-இல் ஏற்று உறுதிப்படுத்தியிருக்கிறது! நவம்பரில் விளக்கேற்ற வரும் தாயை ஓர் ஆட்சி விடுகிறது. மற்றோர் ஆட்சி மறிக்கிறது. 2023-இலும் மட்டக்களப்பில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் ஆட்களைப் பிடித்தார்கள். 1971-இலும் 1987 முதல் 1989 வரையும் அரசுக்கெதிராக ஆயுதமெடுத்து மடிந்த தெற்கத்திய இளைஞர்களை, அவர்கள் தோழர்கள் அதே நவம்பரில் பகிரங்கமாக நினைவுகூர்கின்றனர். அது நியாயமே, அந்தத் தாய்மாரின் வயிறும் எரிந்த வயிறுதான். அந்த நியாயம் ஏன் வெருகல் ஆற்றைக் கடந்து வருவதில்லை?

எமது நண்பர்களிற் சிலர் இங்கே முகம் சுளிப்பார்கள். காத்தான்குடியில் தொழுகையில் சுட்டவனுக்கா கல்லறை என்பார்கள். கோபம் புரிகிறது. அந்தக் கோபம் சுட்டவனை விசாரிக்கக் கேட்கட்டும். சுடச்சொன்னவனை விசாரிக்கக் கேட்கட்டும். வீட்டுக்கு ஒருவனாகப் பிடிக்கப்பட்டு 16 வயதில் செத்தவனின் தாயிடம் அது என்ன கேட்கப்போகிறது? மேலும், 1980-களில் தமிழ் இயக்கங்களில் சேர்ந்த முஸ்லிம் இளைஞர்களும் இந்தக் கரையில் இருந்தார்கள். 1990-க்குப் பிறகு அவர்கள் பெயரைச் சொல்ல ஊரில் நா எழவில்லை; ஒரு பக்கத்துக்கு அவன் துரோகி, மறுபக்கத்துக்கு அவமானம். அவனுடைய உம்மாவும் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு எங்கள் தெருவில்தான் இருந்தாள். அவளுக்காக எந்தத் தூபியும் இல்லை, எந்தத் துயிலும் இல்லமும் இல்லை. உடலின்றித் தொழும் காயிப் ஜனாஸாவையும் அவள் கேட்கத் துணியவில்லை.

பழைய புண்ணைக் கிளறவேண்டாம் என்று சொல்லும் பெரியவர்கள் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் மையத்து மையவாடிக்குப் போயிருக்கிறது. மகன் மௌத்தா, உயிரா என்று தெரியாதவளுக்குப் பழைய புண் என்று ஒன்று இல்லை. ஒவ்வொரு வாசற்கதவுச் சத்தத்திலும் அது அன்றைய புண். கணவனைக் காணாதவள் இத்தா இருப்பதா, காத்திருப்பதா? காணி உறுதியில் யார் பெயர் எழுதுவது? 2016-இல் கொண்டுவந்த சட்டத்தால், இறந்தார் என்று சொல்லாமல் காணவில்லை என்று மட்டும் சான்று கூறும் பத்திரம் கிடைக்க வழி பிறந்தது. காணாமற்போனோர் பற்றிய அலுவலகம் 2018 முதல் இயங்குகிறது; பணியின்போது காணாமற்போன படையினரையும் பொலிஸாரையும் தேடும் பொறுப்பு அதன் சட்டத்திலேயே அடங்கும். பத்திரமும் அலுவலகமும் வந்தன, மண்வெட்டி வரவில்லை.

ஆகவே எமது கோரிக்கை மண்வெட்டியைப் பற்றியது. ரூபஸ்குளத்தையும் அதைச் சூழ்ந்த காட்டையும் நீதவான் முன்னிலையில், தகுந்த நிபுணர்களைக் கொண்டு தோண்டுங்கள். கிடைக்கும் எலும்பைத் தாயின், சகோதரனின் இரத்தத்தோடு ஒப்பிட்டு, முஸ்லிமுக்கு ஜனாஸாவாகவும் பௌத்தனுக்கு அவன் முறைப்படியும் கொடுங்கள். சரணடையச் சொன்ன உத்தரவு யாருடையது என்ற ஏட்டைத் திறந்து வையுங்கள். ஜூன் மாதத்தில் கல்முனையில் பிடித்துச் சென்ற தமிழ் இளைஞர்களை எந்த முகாமுக்குக் கொண்டுபோனீர்கள் என்று இராணுவம் சொல்லட்டும். வீரமுனையில் நடந்ததை எமது பள்ளிவாசல் நிர்வாகிகளும் மரைக்காயர்களும் வீரமுனைக்கே போய்ப் பேசட்டும். கஞ்சிகுடிச்சாற்றில் உடைந்த கற்களை அந்தத் தாய்மார் பொறுக்கி அடுக்க விடுங்கள். காவலுக்கு நின்று பெயர் எழுத வேண்டாம்.

கல்முனையிலிருந்து திருக்கோவிலுக்கு பஸ் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடும். காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, தம்பிலுவில் என்று தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வரும். 1990 ஜூனில் 20 வயது மகனை அனுப்பிய உம்மாவுக்கு இன்று 80 வயதைத் தொட்டிருக்கும். அவள் அந்த பஸ்ஸில் ஏறி இறங்கக்கூடிய காலம் இன்னும் கொஞ்சந்தான் இருக்கிறது.